கார்ட்டூன் காப்பாற்றுவதும் ஒரு வேலையா? ஜெர்ரி பெக்கை முன்வைத்து

யாழினி_2டி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அனிமேஷன் கடைசி வருடம் படிக்கிறேன். ஒரு ஆளுமையைப் பற்றி இருபது பக்கம் எழுதித் தர வேண்டும். டிஸ்னியையும் மியாசாகியையும் வகுப்பில் மற்றவர்கள் முதல் நாளே எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தவர் ஜெர்ரி பெக்.

தேடிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரு இடத்தில் வரலாற்றாசிரியர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் தயாரிப்பாளர். ஜப்பானியப் படங்களை அமெரிக்காவில் வெளியிட்டவர் என்றும் இருக்கிறது. டிவிடி பெட்டிகளில் ஆலோசகர். ஆனால் வரைந்து பெயர் வாங்கியவர் இல்லை. இவர் உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்று யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

பாப்பாய்_ரசிகன் | இரவு 10.05

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 90களில் கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்தவன் நான். பழைய பாப்பாய் படங்களில் முதலில் ஏ.ஏ.பி. என்று ஒரு முத்திரை வரும், ஞாபகம் இருக்கிறதா? பாப்பாயை எடுத்ததே அந்த நிறுவனம்தான் என்று நினைத்திருந்தேன். 2007-ல் வார்னர் வெளியிட்ட முதல் பாப்பாய் டிவிடி தொகுப்பை (1933 முதல் 1938 வரை) ஒரு நண்பன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தான். அதில் அந்த முத்திரை இல்லை. பாரமவுண்ட் மலை வருகிறது, கப்பல் கதவுகள் படாரென்று திறந்து மூடுகின்றன, கோடுகள் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கின்றன. இத்தனை நாள் அழுக்குக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தத் தொகுப்பில் பெக்கின் கை உண்டு.

சாம்பல்நிறம் | இரவு 11.30

சென்னையில் படச்சுருள் மீட்பு வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழினி, அந்த ஏ.ஏ.பி. முத்திரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1950களில் அமெரிக்க ஸ்டூடியோக்களுக்குப் பழைய கார்ட்டூன் என்பது கிடங்கில் இடம் அடைக்கும் சரக்கு. தொலைக்காட்சி புதிதாக வந்திருந்தது, அதற்குத் தீனி வேண்டும். 1956-ல் வார்னர் தன்னுடைய 1948-க்கு முந்தைய வண்ணக் கார்ட்டூன்களை மொத்தமாக ஏ.ஏ.பி. என்ற தொலைக்காட்சி விநியோக நிறுவனத்துக்கு விற்றது. பாரமவுண்ட் பாப்பாயை அதே நிறுவனத்திடம் கொடுத்தது. பாரமவுண்டின் மற்ற கார்ட்டூன்கள் அதற்கு முந்தைய வருடமே இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விட்டன. வாங்கியவர்கள் செய்த முதல் வேலை, தங்கள் முத்திரையை முன்னால் ஒட்டியது; பாரமவுண்ட் படங்களில் பழைய முதலாளியின் பெயரையும் நீக்கினார்கள்.

வார்னரோ அதற்கு முன்பே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. 1943 முதல் பழைய கார்ட்டூன்களை 'புளூ ரிப்பன்' என்ற பெயரில் மறுவெளியீடு செய்தார்கள். அதற்காக மூல நெகட்டிவிலேயே தலைப்பையும் பெயர்ப் பட்டியலையும் வெட்டி எறிந்துவிட்டுப் பொதுவான ஒரு தலைப்பை ஒட்டினார்கள். இயக்கியது யார், அனிமேட்டர் யார், எந்த வருடம், எல்லாம் போயிற்று. ஆக 1970களில் ஒரு ரசிகன் வார்னர் கார்ட்டூன் எத்தனை என்று கேட்டால், சரியான பதில் சொல்ல ஸ்டூடியோவுக்கு வெளியே ஆள் இல்லை.

பெக் அங்கேதான் வருகிறார். நியூயார்க்கில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் விநியோகப் பிரிவில் வேலை. ஏ.ஏ.பி.யின் சரக்கு முழுவதும் 1958-லேயே அந்த நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. பகலில் படம் விற்கும் வேலை, மிச்ச நேரத்தில் பட்டியல் போடும் வேலை. லியனார்ட் மால்டின் 1980-ல் அமெரிக்கக் கார்ட்டூன் வரலாற்றை நூலாகக் கொண்டுவந்தபோது ஆய்வுத் துணை இவர்தான். 1981-ல் வில் ஃபிரீட்வால்டுடன் சேர்ந்து வார்னர் கார்ட்டூன்களின் முழுப் பட்டியலை நூலாக்கினார், 1989-ல் அதையே பெரிதாக்கினார்கள். 1930 முதல் 1969 வரை சுமார் ஆயிரம் குறும்படங்கள். கணினியோ இணையமோ இல்லாத காலம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இருபது பக்கத்தில் பாதியை இந்தப் பட்டியலுக்கே கொடுப்பேன், நானாக இருந்தால்.

குறுக்குக்கேள்வி | புதன், காலை 7.15

பட்டியல் போட்டவருக்கு இவ்வளவு மரியாதையா? ரேஷன் கடையிலும் பட்டியல் போடுகிறார்கள். படத்தை எடுத்தவன், வரைந்தவன், சுருளைப் பாதுகாத்த கிடங்குக் காவலாளி, இவர்களை விட்டுவிட்டுக் கணக்கெழுதியவரைக் கொண்டாடுவது எனக்குப் புரியவில்லை. ஸ்டூடியோவுக்குத் தன் சொத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்ன?

பழையரீல் | காலை 8.50

தம்பி குறுக்குக்கேள்வி, தெரியாது என்பதுதான் பதில். 

நான் கும்பகோணம் பக்கம் பள்ளிக்கூடங்களுக்கு 16 எம்எம் புரொஜெக்டர் எடுத்துக்கொண்டு போய்ப் படம் காட்டியவன். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. என்னிடம் பதினொரு டப்பா மிச்சம் இருக்கிறது. அதில் நான்கில் என்ன படம் என்று எனக்கே தெரியாது. நான் ஒரு ஆள், பதினொரு டப்பா. ஸ்டூடியோவில் லட்சக்கணக்கில் டப்பா, வந்து போகும் ஆட்கள். முதலாளி மாறும்போதெல்லாம் கிடங்கு மாறும், சாவி மாறும்.

நம் வீட்டையே பாருங்கள். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அதன் பிரதி இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய மௌனப் படம் 'கீசகவதம்' என்றால் கேட்கவே வேண்டாம். 

நெறியாளர் | காலை 9.10

ஐயா, தமிழ்ப் பட இழப்பு பற்றித் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. அங்கே தொடரலாம். இங்கே கார்ட்டூன்.

சாம்பல்நிறம் | காலை 9.45

குறுக்குக்கேள்விக்கு: என் வேலை மேசையிலிருந்து சொல்கிறேன். ஒரு கார்ட்டூனை மீட்க ஆரம்பிக்கும்போது முதல் கேள்வி, எதை மீட்கப் போகிறோம் என்பது. மூல நெகட்டிவ் கிடைத்தாலும் அதில் தலைப்பு வெட்டப்பட்டிருக்கும். தலைப்புள்ள பிரதி எங்கோ ஒரு சேகரிப்பாளர் வீட்டில் 16 எம்எம்-ல் இருக்கும். தொலைக்காட்சிப் பிரதியில் ஒரு காட்சி குறைந்திருக்கும். இவை மூன்றும் ஒரே படத்தின் துண்டுகள் என்று சொல்ல ஒருவர் வேண்டும். பட்டியல் இல்லை என்றால், காணாமல் போனது என்ன என்றுகூடத் தெரியாது. தெரியாததை யார் தேடுவார்கள்?

இன்னொரு கூத்தும் நடந்தது. 60களின் கடைசியில் வண்ணத் தொலைக்காட்சி பரவியதும், வார்னரின் கறுப்பு வெள்ளை லூனி டியூன்ஸ் படங்களுக்கு வண்ணம் வேண்டும் என்றார்கள். இன்றைக்கு மாதிரி கணினி கிடையாது. தென்கொரியாவுக்கு அனுப்பி ஓவியங்களை மறுபடி நகலெடுத்து வரைய வைத்தார்கள். செலவு மிச்சம் பிடிக்க ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அசைவு நொண்டியது, முகங்கள் கோணலாயின. பல வருடம் தொலைக்காட்சியில் வந்தவை அந்த நகல்களே. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, மூலப் படமே அப்படித்தான் மட்டமாக இருந்தது என்று நம்புவான். அது நகல், மூலம் வேறு என்று எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

யாழினி_2டி | பகல் 1.20

மிக்க நன்றி அண்ணா, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆனால் தயாரிப்பாளர் என்று ஏன் சொல்கிறார்கள்? ஜப்பான் விஷயம் என்ன? அப்புறம், இதையெல்லாம் செய்து அவர் எப்படிச் சாப்பிட்டார் என்பதும் தெரிய வேண்டும். என் அம்மா கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

பாப்பாய்_ரசிகன் | பகல் 2.00

ஜப்பான் விஷயம் எனக்குத் தெரியும். 1988-ல் கார்ல் மாசெக் என்பவருடன் சேர்ந்து ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ் என்று ஒரு விநியோக நிறுவனம் தொடங்கினார். 'அகிரா'வை அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோனது அவர்கள்தான். மியாசாகியின் 'லபுட்டா'வையும் காட்டினார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தியேட்டர்காரரிடம் போய்ப் பெரியவர்களுக்கான ஜப்பானியக் கார்ட்டூன் இருக்கிறது, போடுங்கள் என்றால் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அனிமே பைத்தியம் பிடித்து அலைகிற என் தங்கை மகனுக்கு இதெல்லாம் கற்காலக் கதை.

சாம்பல்நிறம் | பகல் 3.35

தயாரிப்பாளர் என்ற சொல்லில் இரண்டு மூன்று வேலை ஒளிந்திருக்கிறது. சொந்தமாக ஒரு கார்ட்டூன் குறும்படமே தயாரித்திருக்கிறார்: 'ஹார்ன்ஸ்விகிள்'. நிக்கலோடியன் என்ற சிறுவர் தொலைக்காட்சியின் குறும்பட வரிசையில் வந்தது, ஒரு காண்டாமிருகம்தான் நாயகன். அதற்கு முன் நிக்கலோடியனின் திரைப்படப் பிரிவில் துணைத் தலைவராகவும் இருந்தார். அந்தக் குறும்படம் பிரமாதம் என்று பொய் சொல்ல மாட்டேன். 30களின் கார்ட்டூன் ரசனையுள்ள ஒருவர் ஆசைக்கு எடுத்த படம், அவ்வளவுதான்.

டிவிடி பக்கம்தான் முக்கியம். 'லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்ஷன்' 2003 முதல் 2008 வரை ஆறு தொகுதிகள், தொகுதிக்கு நான்கு வட்டு. பெக் அதன் ஆலோசகர்களில் ஒருவர். விளக்கவுரைகளிலும் அவர் குரல் கேட்கும். எந்தப் படங்களை எடுப்பது, மூலத் தலைப்பு எதற்குக் கிடைக்கும், எந்தப் பழைய கலைஞரைப் பேச வைப்பது, இதற்கெல்லாம் கிடங்கைத் தலைக்குள் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். நெகட்டிவ் வெட்டப்பட்ட சில படங்களுக்கு அப்போதும் புளூ ரிப்பன் தலைப்புதான் மிஞ்சியது. போனது போனதுதான்.

சாப்பாட்டுக்கு: விநியோக வேலை, ஸ்டூடியோ வேலை, ஆலோசனை, நூல்கள், கல்லூரி வகுப்புகள். 1994-ல் அனிமேஷன் துறையினர் ஆயிரம் பேரிடம் வாக்கு வாங்கி ஐம்பது சிறந்த கார்ட்டூன்கள் என்று ஒரு நூல் தொகுத்தார். முதலிடம் சக் ஜோன்ஸின் 'வாட்ஸ் ஓபரா, டாக்?', 1957. 2004-ல் அமிட் அமிடியுடன் சேர்ந்து அனிமேஷன் செய்தித் தளம் ஒன்றைத் தொடங்கி, 2013-ல் அதைவிட்டு முழுநேரமும் வரலாற்றுக்கே ஒரு தளம் நடத்தப் போனார். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வூதியம் வாங்குகிற வேலை இல்லை. அம்மாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

குறுக்குக்கேள்வி | மாலை 6.10

சரி, பட்டியல் விஷயத்தில் தோற்றதாக வைத்துக்கொள்கிறேன். அடுத்த கேள்வி. அந்தக் காலத்துக் கார்ட்டூன்களில் கறுப்பினத்தவரைக் காட்டும் விதம் பார்த்திருக்கிறீர்களா? தடித்த உதடு, சோம்பேறித்தனம், சூதாட்டம். இதையும் செலவு செய்து பளபளப்பாக்கி விற்க வேண்டுமா? அழியட்டுமே.

சாம்பல்நிறம் | மாலை 7.40

இது நியாயமான கேள்வி. லேசாகத் தட்டிவிட முடியாது. 

1968-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தன்னிடமிருந்த வார்னர் கார்ட்டூன்களில் பதினொன்றை இந்தக் காரணத்துக்காகவே தொலைக்காட்சிக்கு விடாமல் நிறுத்தியது. அவற்றை இன்றும் தணிக்கைப் பதினொன்று என்றுதான் அழைக்கிறார்கள். மற்றவற்றில் ஆங்காங்கே ஒரு காட்சி வெட்டினார்கள். கோல்டன் கலெக்ஷனின் மூன்றாம் தொகுதியில், 2005-ல், வேறு வழி பிடித்தார்கள். நடிகை வூப்பி கோல்ட்பர்க்கை முன்னால் நிறுத்தி, இந்தக் கேலிகள் அன்றும் தப்பு, இன்றும் தப்பு, ஆனால் இவற்றை மறைப்பது அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்வதாகும் என்ற பொருளில் பேச வைத்தார்கள். 2010-ல் ஹாலிவுட்டில் நடந்த பழைய படவிழா ஒன்றில் அந்தப் பதினொன்றில் எட்டை மீட்டுத் திரையிட்டார்கள். அறிமுகம் செய்தவர் கறுப்பினத்தவர் சினிமாவைப் பற்றி எழுதும் டொனால்ட் போகிள்.

2013-ல் 'டாம் அண்ட் ஜெர்ரி' தொகுப்பின் இரண்டாம் பகுதியில் இரண்டு படங்களை விட்டுவிட்டார்கள் என்று ரசிகர்கள் கத்தியதில், தொகுப்பே வெளிவரவில்லை. எனக்கு இதில் இரண்டு பக்கமும் கோபம் உண்டு. குழந்தைகள் பகுதியில் எச்சரிக்கை இல்லாமல் வைத்தால் தப்பு. அழித்துவிட்டால், நாளைக்கு ஒருவர் அந்தக் காலத்துக் கார்ட்டூன்காரர்கள் எல்லாம் தங்கமானவர்கள் என்று கட்டுரை எழுதும்போது எடுத்துக் காட்ட ஆதாரம் இருக்காது.

குறுக்குக்கேள்வி | மாலை 7.55

முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். யோசிக்கிறேன்.

தூரிகைத்தங்கம் | இரவு 8.30

நடுவில் நுழைகிறேன். மீட்பு என்ற பெயரில் கோடுகளையே அழித்துவிடுகிறார்கள், அதைப் பற்றியும் பேசுங்கள். நான் வாங்கிய ஒரு பழைய வட்டில் (எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை) முயலின் மீசை ஒரு பிரேமில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை. கைவிரல் பாதி காணோம். நாங்கள் வரைபவர்கள், பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்த்துப் படிக்கிறோம். இந்த வட்டில் அது நடக்காது.

சாம்பல்நிறம் | இரவு 9.50

அது இந்தத் தொழிலின் பழைய பாவம். தூசி நீக்கும் மென்பொருள் முன்பிரேமையும் பின்பிரேமையும் ஒப்பிடும். ஒரே ஒரு பிரேமில் தோன்றி மறைவது எதுவோ அது தூசி என்று முடிவு கட்டும். ஆளை வைத்து எடுத்த படத்தில் இது ஓரளவு சரிப்படும். கார்ட்டூனில், வேகமான அசைவில், ஒரே பிரேமுக்கென்று இழுத்து வரைந்த ஓவியம் உண்டு. மென்பொருளுக்கு அது அழுக்கு. துடைத்துவிடும். மெல்லிய மைக்கோடுகளுக்கும் அதே கதி. அதனால் கார்ட்டூனுக்குத் தானியங்கியை நம்பாமல் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏழு நிமிடப் படம் என்றால் பத்தாயிரம் பிரேம்.

சுவையான விஷயம் ஒன்று. அந்தக் கால டெக்னிகலர் கார்ட்டூன்களின் நெகட்டிவ் கறுப்பு வெள்ளை! கேமராவுக்கு அடியில் ஓவியம் அசையாமல் இருக்கும் அல்லவா, அதனால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியாக ஒரே ஓவியத்தை மூன்று முறை அடுத்தடுத்து எடுத்துவிடுவார்கள். ஒரே சுருளில் மூன்று மடங்கு நீளம். வெள்ளி வெளிறாது. ஆகவே 1940-ல் எடுத்த கார்ட்டூனை இன்றைக்கு ஸ்கேன் செய்து மூன்றையும் சேர்த்தால் நேற்று வண்ணம் தீட்டியது போல வரும். 70களில் எடுத்த நம் ஈஸ்ட்மன்கலர் படங்களின் பிரதிகள் ரோஸ் நிறத்தில் வெளிறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முப்பது வருடம் மூத்தது இளமையாக இருக்கிறது.

மூன்றில் ஒன்றில் மட்டும் தூசி இருந்தால் திரையில் வண்ணப் புள்ளியாகத் தெரியும். அதை எடுக்கலாம், அது சுருளின் அழுக்கு. ஆனால் மூன்றிலும் இருக்கிற தூசி? அது 1940-ல் செல் தாளின் (ஓவியம் தீட்டும் ஒளிபுகும் தாள்) மேல் விழுந்து, படத்தோடு சேர்ந்து படம்பிடிக்கப்பட்ட தூசி. அதைத் துடைக்கலாமா கூடாதா என்று எங்கள் அலுவலகத்தில் டீ ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

தூரிகைத்தங்கம் | இரவு 10.10

நானும் உங்கள் கட்சி. யூடியூபில் செயற்கை நுண்ணறிவு போட்டு 4கே என்று விடுகிறார்களே, அதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. இல்லாத கோட்டை அது தானாக வரைகிறது.

பழையரீல் | வியாழன், காலை 6.30

பெரிய ஸ்டூடியோ கதையையே பேசுகிறீர்கள். ஸ்டூடியோவே செத்துப்போன படங்களை யார் பார்க்கிறார்கள்?

சாம்பல்நிறம் | காலை 9.20

நல்ல இடத்தில் கேட்டீர்கள் ஐயா. அதற்கு வேறு வகை ஆட்கள் இருக்கிறார்கள். யாழினி, இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்டீவ் ஸ்டான்ச்ஃபீல்ட். மிச்சிகன் மாநிலத்துக்காரர், டெட்ராய்ட்டில் ஒரு கலைக் கல்லூரியில் அனிமேஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, தண்டர்பீன் என்ற சின்ன நிறுவனம் நடத்துகிறார். பெக்கின் தளத்தில் வியாழக்கிழமை தோறும் பத்தியும் எழுதி வந்தார்.

இவர் எடுப்பது அனாதைப் படங்கள். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்தில் பதிப்புரிமை 28 வருடம், அது முடிவதற்குள் விண்ணப்பித்தால் இன்னொரு 28. பல சின்ன ஸ்டூடியோக்கள் மூடிப்போனதில் புதுப்பிக்க ஆள் இல்லை. படம் பொதுச் சொத்தாகிவிட்டது. பொதுச் சொத்து என்றால் எல்லோருக்கும் சொந்தம், அதாவது பராமரிக்க ஒருவரும் இல்லை. யார் வேண்டுமானாலும் மங்கலான பிரதியை மலிவு வட்டில் போட்டு விற்கலாம், விற்றார்கள். ஸ்டான்ச்ஃபீல்ட் அதே படங்களுக்கு நல்ல 35 எம்எம் பிரதியோ, அதுவும் இல்லையென்றால் கிடைத்ததில் சிறந்த 16 எம்எம் பிரதியோ தேடிப்பிடித்து, ஆவணக் காப்பகங்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து வெளியிடுகிறார். டிஸ்னியின் வலது கையாக இருந்து 1930-ல் பிரிந்துபோன அப் ஐவர்க்ஸ் எடுத்த 'ஃபிளிப் தி ஃபிராக்', 'வில்லி வாப்பர்' எல்லாம் அப்படி வந்தவை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்காக மட்டும் எடுத்த 'பிரைவேட் ஸ்னாஃபு'வும் உண்டு. அது அரசாங்கம் எடுக்க வைத்தது, அதனால் உரிமைச் சிக்கல் கிடையாது.

பெக் கிடங்கின் கதவைத் தட்டித் திறக்க வைத்தவர். இவர் தட்டுவதற்குக் கதவே இல்லாத வீட்டில் வேலை செய்கிறார். எனக்கு இவர் ஒரு படி மேல். சண்டைக்கு வராதீர்கள்.

பாப்பாய்_ரசிகன் | காலை 10.00

வருவேன். வெளியே இருந்து செய்கிறவனைவிட, உள்ளே போய் வக்கீல்களையும் விற்பனைப் பிரிவையும் சமாளிப்பது கஷ்டம். பாப்பாய் படம் ஒருவரிடம், பாத்திரத்தின் உரிமை கிங் ஃபீச்சர்ஸ் என்ற படக்கதை நிறுவனத்திடம் என்று இழுபறியாக இருந்து, 2006-ல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் 2007 தொகுப்பே வந்தது. அத்தனை வருடம் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு மதிப்பெண் இல்லையா?

சாம்பல்நிறம் | காலை 10.25

உண்டு. அரைப்படி இறங்குகிறேன்.

ஐயா, செத்துப்போன ஸ்டூடியோவுக்கு உதாரணம் வான் பியூரன். நியூயார்க், 1928 முதல் 1936 வரை. ஆர்.கே.ஓ. என்ற பட நிறுவனம் அவர்கள் படங்களை விநியோகித்தது. 1936-ல் ஆர்.கே.ஓ. டிஸ்னி படங்களின் விநியோகத்தைப் பிடித்ததும் இவர்கள் கடையைச் சாத்த வேண்டியதாயிற்று. இவர்களிடம் 'டாம் அண்ட் ஜெர்ரி' என்றே ஒரு தொடர் இருந்தது தெரியுமா? பூனையும் எலியும் இல்லை. ஒரு நெட்டை மனிதன், ஒரு குட்டை மனிதன். 1931 முதல் 1933 வரை. அங்கே வேலை பார்த்த ஜோசப் பார்பெராதான் பிறகு எம்ஜிஎம்மில் பூனை எலி ஜோடியை உருவாக்கியவர்களில் ஒருவர். குழப்பம் வராமல் இருக்க, பழைய ஜோடியின் 16 எம்எம் வீட்டுப் பிரதிகளில் பெயரை டிக் அண்ட் லாரி என்று மாற்றிவிட்டார்கள். தண்டர்பீன் இந்தத் தொடரையும் வெளியிட்டிருக்கிறது.

பழையரீல் | பகல் 12.15

ஒரு நிமிடம். நெட்டை, குட்டையா?

70களில் மூர் மார்க்கெட்டில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு சின்ன ரீல் வாங்கினேன். கறுப்பு வெள்ளை. தலைப்பு அட்டை அறுந்து போயிருந்தது. நெட்டையும் குட்டையுமாக இரண்டு பேர், எலும்புக்கூடுகள் ஆடும். பள்ளிக்கூடத்தில் போட்டால் பிள்ளைகள் கத்தித் தீர்ப்பார்கள். டப்பாவில் 'எலும்புக்கூடு ரீல்' என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

சாம்பல்நிறம் | பகல் 12.20

ஐயா, புரொஜெக்டரில் மாட்டிவிடாதீர்கள்! முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

பழையரீல் | பகல் 1.05

ஊறுகாய் ஜாடி மாதிரி வருகிறது. புளிச்ச வாடை.

சாம்பல்நிறம் | பகல் 1.15

பயப்பட வேண்டாம். 16 எம்எம் சுருள் தீப்பிடிக்கும் நைட்ரேட் இல்லை, அசிட்டேட். அது கெட ஆரம்பித்தால் அசிட்டிக் அமிலம் வெளிவரும், வினிகர் வாடை அதுதான். அடைத்து வைத்தால் வேகமாகக் கெடும், பக்கத்து ரீலையும் தொற்றும். மற்ற பத்து டப்பாவிலிருந்து தனியே எடுத்து, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சுருங்கியிருக்கும், புரொஜெக்டர் பல் கடித்துக் கிழித்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும்.

யாழினி_2டி | மாலை 4.40

ஐயா, நான் வான் பியூரன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 1931-ல் வந்த முதல் படம் 'வாட் எ நைட்', ஜான் ஃபாஸ்டரும் ஜார்ஜ் ஸ்டாலிங்ஸும் இயக்கியது. அதில் டாமும் ஜெர்ரியும் டாக்ஸி ஓட்டுநர்கள். மழை கொட்டுகிற இரவில் சவாரி ஏற்றிக்கொண்டு ஒரு கோட்டைக்குப் போவார்கள். உள்ளே எலும்புக்கூடுகள். உங்கள் ரீலின் ஆரம்பத்தில் டாக்ஸி இருக்கிறதா? மழை?

பழையரீல் | இரவு 7.50

பேத்தியின் படிப்பு விளக்கில் பார்த்தேன். முதல் சில அடிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரிக்கவில்லை. அதற்கப்புறம் கோடு கோடாக மழை. டாக்ஸியேதான் அம்மா. குட்டையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

டப்பாவில் 'எலும்புக்கூடு ரீல்' என்பதை அடித்துவிட்டு 'வாட் எ நைட்' என்று எழுதிவிட்டேன். பேத்தியின் ஸ்கெட்ச் பேனா, ஊதா நிறம்.

யாழினி_2டி | இரவு 7.58

வருடமும் ஸ்டூடியோ பெயரும் எழுதுங்கள் ஐயா. முதல் அடிகள் ஒட்டியிருக்கின்றன, தலைப்பு இல்லை என்பதையும்.

பழையரீல் | இரவு 8.10

இடம் போதாதே அம்மா, டப்பா சின்னது. பின்பக்கம் எழுதுகிறேன்.